தேயிலை மண்ணும் டொலமைற்றும்

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் அமைந்த வட்டவளை, இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும். ஆண்டொன்றிற்கு ஏறக்குறைய 5000 மில்லிமீற்றர் பெய்யும் அம்மழையே தேயிலையைத் தளிர்க்கச் செய்கின்றது. அதுவே மண்ணிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக் கொண்டு செல்கின்றது. அவை நீங்கிய இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பற்ற, மண்ணில் அமிலம் மிகுகின்றது. யூரியா, அமோனியம் சல்பேற்று ஆகிய நைதரசன் உரங்களும் மண்ணில் மாற்றமடையுங்கால் அவ்வமிலத்தைப் பெருக்குகின்றன.

தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிராதலின் இதனால் வரும் கேடு யாது என வினவலாம். அவ்விருப்பத்திற்கும் எல்லையுண்டு. பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணே அதற்கு உகந்தது. இப்பெறுமானம் ஒன்று குறையின் அமிலச் செறிவு பத்து மடங்காகும். எல்லைக்குக் கீழே சென்றால் வேர் நலிந்து, இட்ட உரமும் வீணாகும். மேலே சென்றாலோ அமிலத்திற் பழகிய செடியே வாடும். ஆதலின் வேண்டுவது அமிலத்தை ஒழிப்பதன்று, அளவில் நிறுத்துவதேயாம்.

இதற்கு உதவுவது டொலமைற்றுத் தூள். கல்சியக் காபனேற்றும் மகனீசியக் காபனேற்றும் இணைந்த கல்லே டொலமைற்று. தூய கல்லின் 100 பங்கில் கல்சியம் 22 பங்கும் மகனீசியம் 13 பங்கும் உள. காபனேற்று அமிலத்தை நடுநிலையாக்குகின்றது. கல்சியமும் மகனீசியமும் மண் இழந்தவற்றை ஈடுசெய்கின்றன. மகனீசியமின்றி இலைக்குப் பச்சையம் இல்லை. சுட்ட சுண்ணாம்பு பீ.எச். பெறுமானத்தை விரைந்து உயர்த்திவிடும். டொலமைற்றோ மெல்லக் கரைந்து பயன் தரும்.

எவ்வளவு இடுவது? மண்ணின் அமிலம் இருவகைத்து. ஒன்று மண்ணீரிற் கரைந்திருப்பது. மற்றையது களித்துணிக்கைகளிலும் மக்கிய பொருள்களிலும் பற்றி நிற்பது. பின்னதே பெரிது. ஆகவே பீ.எச். பெறுமானம் ஒத்த இரு நிலங்களுள், களியும் மக்கும் மிக்க நிலம் கூடுதலான தூளை வேண்டும். ஒரு மலைக்குப் பொருந்திய அளவு அடுத்த மலைக்குப் பொருந்தாமற் போவது இதனாலேயாம். மண்ணைச் சோதித்த பின்னரே அளவை வகுத்தல் வேண்டும்.

கவ்வாத்துக் காலமே இதனை இடத் தக்கது. அப்போது நிலம் திறந்திருக்கும். யூரியாவுடன் சேர்த்து இடுதல் ஆகாது. காரத்தன்மையால் நைதரசன் அமோனியாவாகி வளியிற் கலந்துவிடும்.

கொழுந்தின் நிறையோடு தொழிலாளர் வாழ்வு பிணைந்துள்ள மலைநாட்டில், மண்ணின் புளிப்பை அளந்தறிவது ஆய்வுகூடத்தாருக்கு மட்டும் உரிய காரியமன்று. மழை ஆண்டுதோறும் கொண்டு செல்வதை அறிந்து, அளவோடு திருப்பித் தருவதே அம்மண்ணைக் காக்கும் நெறியாகும்.