நாட்டுக்கோழி என்று சொல்லிப் போட்ட இலை

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி. ஈரோட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் தென்னந்தோப்பை ஒட்டி ஓர் ஓட்டுவீடு. வாசலில் வரிசையாகக் கார்கள். திருப்பூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வேப்பமரத்தடியில் ஒன்றேகால் மணி நேரமாகக் காத்திருக்கிறது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். செல்போனில் பார்த்த காணொளி ஒன்றுதான் அவர்களை இங்கே இழுத்து வந்தது. விறகடுப்பு, மண்சட்டி, அம்மியில் அரைத்த மசாலா, வாய் நிறையச் சிரித்தபடி பரிமாறும் அம்மா என்று எல்லாமே அதில் இருந்தன.

உள்ளே போனதும் இலை விழுந்தது. தண்ணீர் தெளிக்கும் முன்பே சோறும் விழுந்தது. சின்னக் குழந்தைக்குக் காரமில்லாமல் கொஞ்சம் ரசஞ்சோறு கிடைக்குமா என்று மருமகள் கேட்டதற்கு, “அதெல்லாம் தனியாப் போட முடியாதுங்க. பசங்களுக்கும் முழுக்காசுதான்” என்று பதில் வந்தது. தாத்தா இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். கேட்டது காதில் விழாத மாதிரி வாளி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. கறி ரப்பராக இழுத்தது. குழம்பில் மிளகாய்த்தூள் பச்சை வாசனை அடித்தது. மகன் கல்லாவில் போய்ப் பக்குவமாகத்தான் சொன்னார். “புடிச்சாச் சாப்பிடுங்க. இல்லீன்னாக் காசக் குடுத்துட்டுக் கெளம்புங்க. வெளிய அம்பது பேரு நிக்கறாங்க.”

துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தது. எதற்கு எவ்வளவு என்ற விவரம் இல்லை.

கொங்கு நாட்டில் இந்த வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தனி மரியாதை உண்டு. தறிக்கு வருபவர்களுக்கும், சந்தைக்கு வருபவர்களுக்கும், லாரிக்காரர்களுக்கும் சமைத்துப் போட்டுப் பேர் வாங்கிய கடைகள் அவை. கணவர் கல்லாவில் இருப்பார். அடுப்பு மனைவி கையில் இருக்கும். “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா கண்ணு” என்று கேட்டு ஊற்றியபிறகுதான் அந்த அம்மா அடுத்த இலைக்கு நகர்வார். அளவு சமைத்து, பாத்திரம் காலியானதும் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று மணிக்குப் போனால் ‘முடிஞ்சுதுங்க’ என்ற பதிலைச் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்புவார்கள். அப்படி நடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் பெரிய போர்டு இருக்காது.

இருபது பேருக்கு அளந்த கை இருநூறு பேருக்கு அளக்கும்போது முதலில் கெடுவது மசாலா. பள்ளிபாளையம் சிக்கனையே எடுத்துக்கொள்ளலாம். காவிரியின் ஒரு கரையில் ஈரோடு என்றால் மறு கரையில் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயரால் வழங்கும் அந்த வறுவலுக்கு வேண்டியவை மிகக் குறைவு: சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், உப்பு, மஞ்சள். மிளகாயின் சிவப்பும் வெங்காயத்தின் இனிப்பும்தான் அதன் ருசி. இன்று பல கடைகளில் அதே பெயரில் வருவது தக்காளியும் கரம்மசாலாவும் மிதக்கும் கிரேவி. சில இடங்களில் சோயா சாஸ்கூட. வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும், வரமிளகாயைக் கிள்ள நேரம் வேண்டும்; பாக்கெட்டைப் பிரிக்க இரண்டும் தேவையில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கோழி.

இறைச்சிக்கோழி எனப்படும் பிராய்லர் ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். புழக்கடையில் மேய்ந்து வளரும் நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோவை எட்ட ஐந்தாறு மாதமாவது ஆகும். நோய், நரி, பருந்து எல்லாம் தாண்டி அது பிழைத்து வர வேண்டும். அதனால்தான் அதன் விலை பிராய்லரைப்போல் இரண்டு மடங்கு, சில நாளில் அதற்கும் மேல். அப்படியிருக்க, நெடுஞ்சாலையோரம் நெடுக ‘நாட்டுக்கோழி’ என்று எழுதியிருக்கும் இத்தனை கடைகளுக்கும், வாரத்தின் ஏழு நாளும், இத்தனை கோழி எந்தப் புழக்கடையிலிருந்து வருகிறது?

கோழி வியாபாரிகளிடம் பேசினால் கதை தெரியும். பெங்களூரு கால்நடைக் கல்லூரி உருவாக்கிய கிரிராஜா, ஐதராபாத்தில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வனராஜா போன்றவை கொல்லையில் வளர்ப்பதற்காகவே வந்த நல்ல இனங்கள். ஏழை வீட்டுக்கு முட்டையும் கறியும் தந்தவை. ஆனால் இறகு பல நிறத்தில் இருப்பதால் சந்தையில் அவையும் நாட்டுக்கோழி ஆகிவிடுகின்றன. இன்னொரு வழியும் உண்டு. நாமக்கல் பண்ணைகளில் ஒரு வருடத்துக்கும் மேல் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகள் மலிவாக வெளியே வரும். கறி கடினமாக இருக்கும். ‘கடிக்க முடியலையா, அதாங்க நாட்டுக்கோழி’ என்று சொல்ல அந்தக் கடினம் ஒன்றே போதும். திருப்பூர்த் தாத்தாவுக்கும் கல்லாவில் இதே விளக்கம்தான் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் கோழி வளர்த்தவரிடம்!

எல்லாக் கடைகளும் இப்படி என்று யாரும் சொல்லவில்லை. சின்ன வெங்காயம் விற்கிற விலையில், சமையலுக்கு ஆள் கிடைக்காத காலத்தில் வேறு என்ன செய்வது என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். பிராய்லர் என்று எழுதி பிராய்லரைப் போட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லையே.

பரிமாறும் பையன்கள் வெளிமாநிலத்தவர்கள், அவர்களுக்கு நம் உபசாரம் தெரியாது என்றொரு சமாதானமும் அடிக்கடி காதில் விழுகிறது. அது அநியாயம். அன்று அந்த வீட்டில் அழுத குழந்தைக்கு ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்து வைத்தவன், தமிழ் பாதிகூடத் தெரியாத பையன்தான். கடுஞ்சொல் முழுக்கக் கல்லாவிலிருந்து வந்தது. விற்பது தரமில்லை என்று தெரிந்தவருக்குக் கேள்வி வந்தாலே கோபம் வருகிறது. சரக்கு நல்லதாக இருந்தால், ‘கறி வேகலை’ என்கிற வாடிக்கையாளரை அடுப்படிக்கே கூட்டிப்போய்க் காட்டலாம்.

ஏமாந்தவர் கையில் ஒன்றுமே இல்லை என்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, உணவின் தன்மை, தரம் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. உரிமம் பெற்ற கடை என்றால் 14 இலக்க எண் இருக்கும். நுகர்வோர் குறைகளைச் சொல்ல 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. ஆனால் புகாருக்கு வலு சேர்க்க பில் வேண்டும். ‘நாட்டுக்கோழிக் குழம்பு’ என்று பெயரும் விலையும் போட்ட பில். அதைத்தான் துண்டுச் சீட்டுக் கடைகள் தருவதில்லை.

திருப்பூர்க் குடும்பம் புகார் எதுவும் கொடுக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு வழியில் ஒரு பேக்கரியில் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அடுத்த ஞாயிறும் அந்த வேப்பமரத்தடியில் கூட்டம் நிற்கும். அதில் நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலையில் உட்காரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். இன்றைய கோழி எங்கிருந்து வந்தது? விவரத்தோடு பில் தருவீர்களா? இரண்டில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.