இரண்டில் ஒன்று

குடலில் வாழும் ஈ. கோலி நுண்ணுயிர்க் கூட்டமொன்று, லாக்டோஸ் சர்க்கரையைச் சிதைக்கும் நொதியைப் பாதியளவே உற்பத்தி செய்யுமானால், அதிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் அரைமனதாய் உழைக்கிறதென்றே எவரும் எண்ணுவர். ஆனால் 1957-இல் நோவிக், வைனர் என்னும் இரு விஞ்ஞானிகள், சில அணுக்கள் முழுமூச்சாக உழைப்பதையும், மற்றவை அறவே சும்மா கிடப்பதையும் கண்டு சொன்னார்கள்.

இதுபோன்ற சுபாவத்தை மரபணுக்களைக்கொண்டு எப்படி உருவாக்கலாம் என்பதற்கு, 2000-ஆம் ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ட்னர், கான்டர், காலின்ஸ் ஆகியோர் கொடுத்த விடை இரண்டே சமன்பாடுகளில் அடங்கியது. இரண்டு மரபணுக்கள்; ஒவ்வொன்றும் பிறப்பிக்கும் புரதம் மற்றொன்றை அடக்கும். ஒரு புரதத்தின் அளவு மாறும் வேகம், அதன் உற்பத்தியிலிருந்து அதன் தேய்வைக் கழித்தால் கிடைப்பது; உற்பத்தியோ எதிரி பெருகப் பெருகக் குறைந்துபோகும்.

உச்ச உற்பத்தியை 10 என்று வைத்துக்கொண்டு, அடக்கும் புரதங்கள் தனித்தனியே செயல்படுவதாகக் கணக்கிட்டால், இரண்டும் ஏறக்குறைய 2.7 என்ற அளவில் சமாதானமாகி நின்றுவிடுகின்றன. அங்கே ஸ்விட்ச் என்று ஒன்றும் இல்லை. அவை இரண்டிரண்டாகக் கூடி அடக்குவதாக, எதிரியின் அளவை வர்க்கப்படுத்திவிட்டாலோ, விடைகள் மூன்றாகின்றன: முதல் புரதம் 9.9, இரண்டாம் புரதம் 0.1, அல்லது இதன் தலைகீழ், அல்லது இரண்டுமே 2. வாசகர் பென்சிலை எடுத்து, 2-ஐ வர்க்கப்படுத்தி, 1-ஐக் கூட்டி, வந்த 5-ஆல் 10-ஐ வகுத்துப் பார்க்கலாம். மீண்டும் 2 தான் வரும். ஆயினும் இந்த நடுநிலை ஸ்திரமானதன்று. ஓட்டு வீட்டு முகட்டில் விழுந்த மழைத்துளி, இம்மி நகர்ந்தாலும் ஏதேனும் ஒரு சரிவில் இறங்கிவிடுவதைப்போல், அணுவும் இரு பக்கங்களில் ஒன்றைச் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கணிதத்தின் பேரழகென்று நான் கருதுவது, தான் எந்தப் பக்கம் என்ற அணுவின் நினைவை எந்த ஒரு மரபணுவிலும் தேட வேண்டியதில்லை, இரண்டின் பகைமையிலேயே அது குடிகொண்டிருக்கிறது என்று அது காட்டுவதைத்தான்.

காகிதத்தோடு அவர்கள் நிற்கவில்லை. லாக்டோஸ் அடக்கியையும், லாம்டா வைரஸின் அடக்கியையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு நிலையில் மட்டும் பச்சை ஒளி வீசும் புரதத்தையும் பிணைத்து, ஈ. கோலிக்குள் செலுத்தினார்கள். ஐ.பி.டி.ஜி. என்னும் ரசாயனத்தைச் சேர்த்ததும் அணுக்கள் ஒளிர்ந்தன. அதனை முற்றிலும் நீக்கிய பின்னரும், அவற்றிலிருந்து பிரிந்து பெருகிய சந்ததிகள்கூட ஒளிர்ந்துகொண்டேயிருந்தன. வளர்ப்புச் சூட்டை 42 டிகிரிக்கு உயர்த்திய பிறகுதான் அந்தப் பச்சை மறைந்தது.