ரோபோவுக்குப் பக்கத்தில் யார்?

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்துவர, ஒரு குட்டி ரோபோ படகை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாய்க்கால்கள் பின்னிக் கிடக்கும் காடு அது. ரோபோ மட்டும் தனியாகப் போய் வந்துவிடுமா?

கரையில் ஓர் அக்கா ரிமோட்டை வைத்து ஓட்டுகிறார். அவர் இயக்குபவர். எந்தெந்த வாய்க்காலில் அளக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் மேற்பார்வையாளர். விசிறியில் பாசி சுற்றிக்கொண்டால் பிரித்தெடுப்பவர் மெக்கானிக். "அந்தப் பக்கம் விடாதம்மா, இப்ப தண்ணி வத்திரும்" என்று சொல்லும் படகோட்டி மாமா, ரோபோவின் கூட்டாளி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பிச்சாவரத்தில் இருளர் மக்கள் தண்ணீருக்குள் இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். கலங்கிய தண்ணீரில் அவர்களுடைய கை ரோபோவின் கேமராவுக்குத் தெரியாது. அவர்கள் ரோபோவைக் கூப்பிடவும் இல்லை, ஓட்டவும் இல்லை; தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். ஆனாலும் விசிறி பட்டால் காயம் அவர்களுக்குத்தான். இப்படித் தற்செயலாக அருகில் இருப்பவரையும் சேர்த்து, ரோபோவோடு மனிதருக்கு 5 வகை உறவு உண்டு என்று 2003இல் ஜீன் ஷோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகைப்படுத்தினார். எனக்கு இந்த ஐந்தாவது வகைதான் மிக முக்கியம். ரோபோவை வடிவமைக்கும்போது பலரும் மறந்துவிடுவது இவர்களைத்தான்.

வேறொரு விதமாகவும் பிரிக்கலாம்: முடிவெடுப்பது யார்? 1978இல் தாமஸ் ஷெரிடன், வில்லியம் வெர்பிளாங்க் இருவரும் இதற்கு 10 படிகள் வகுத்தார்கள். முதல் படியில் எல்லாவற்றையும் மனிதரே செய்வார். நடுவில் ஒரு படியில் இயந்திரம் முடிவெடுத்தாலும், மனிதர் தடுக்க நேரம் கொடுக்கும். பத்தாவது படியில் எல்லாம் இயந்திரம்தான். கடலுக்கடியில் வேலை செய்யும் இயந்திரங்களை ஆராய்ந்தபோதுதான் அவர்கள் இதை எழுதினார்கள். நம் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ரோசப் 6000' அப்படிப்பட்ட இயந்திரம். 2010இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை போனது. கப்பலிலிருந்து செல்லும் நீண்ட கேபிள் வழியாக மனிதர்கள்தான் அதை இயக்கினார்கள்.

இனி, கடலை விட்டுக் கும்பகோணத்துக்குப் போவோம். பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதர்கள் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்த செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். மனிதரை அப்படிப் பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2018இல் கும்பகோணத்துக்கு 'பேண்டிகூட்' என்ற ரோபோ வந்தது. கேரளத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனத்து இளம் பொறியாளர்கள் செய்தது. அதன் ஒரு பகுதி சாலையில், குழியின் வாய்மேல் நிற்கும். மற்றொரு பகுதி கால்களை மடக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, பிறகு கால்களை விரித்து ஊன்றிக்கொள்ளும். கை போன்ற கருவி கழிவை அள்ளி வாளியில் போடும். உள்ளே இருப்பதைக் கேமரா மேலே உள்ள திரையில் காட்டும். விஷவாயு இருந்தால் சென்சார் சொல்லிவிடும்.

முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கே இதை இயக்கப் பயிற்சி தருகிறார்கள். ரோபோ வந்ததால் வேலை போய்விடவில்லை; அவர்கள் இயக்குபவர்களாக மாறுகிறார்கள். இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

அப்படி மாற, திரை எளிதாக இருக்க வேண்டுமே! கடப்பாரை பிடித்துப் பழகிய ஒருவர் எந்தப் பட்டனில் தடுமாறுகிறார், எத்தனை முறை தவறாக அழுத்துகிறார், எச்சரிக்கை வந்ததும் உடனே கவனிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்து, குறித்துக்கொண்டு, திரையை மாற்றி அமைப்பதும் மனிதரும் ரோபோவும் சேர்ந்து இயங்குவதை ஆராயும் அறிவியலின் வேலைதான்.