விளையாட்டும் விசுவாசமும்

கிறிஸ்து மார்க்கத்தைப் பிறர்க்கு அறிவிக்கும் வழிகள் பல. பிரசங்கம் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, வைத்தியசாலை ஒன்று. விளையாட்டுத் திடலும் அவ்வழிகளுள் ஒன்றாகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். 'ஆம்' என்று விரைந்து விடை கூறுவோரும், 'பந்துக்கும் பரலோகத்துக்கும் யாது தொடர்பு?' என்று நகைப்போரும் நம் மாணவர்களுள்ளேயே இருக்கின்றனர். இருதிறத்தாரும் சில செய்திகளை அறிதல் நலம்.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்ற பின் எழுந்த நகரியம் அது. பல மாவட்டத்தாரும், பிற மாநிலத்தாரும், பல சமயத்தாரும் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய இடம். வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட அவ்வூரில் உத்தியோகத் தரத்துக்கு ஏற்ப வீடு அமையும். ஆகவே அதிகாரியின் மகனும் சுரங்கத் தொழிலாளியின் மகனும் ஒரே தெருவில் வளர்தல் அரிது. ஆயினும் மாலையில் ஒரு கைப்பந்து வலை கட்டப்பட்டால், அவ்விருவரும் வலையின் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் நிற்கக்கூடும். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் தத்தம் மக்களைத் தனித்தனியே கூட்ட, திடல் ஒன்றே எல்லாரையும் ஒருங்கு கூட்டுகின்றது.

அவ்விளைஞருள் மிகப் பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கைப்பந்து, கூடைப்பந்து ஆகிய இரண்டும் ஒரு கிறிஸ்தவ சங்கத்திற் பிறந்த விளையாட்டுக்கள். 1844-இல் லண்டன் நகரில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியரும் அவருடைய தோழரும் கூடித் தொடங்கிய வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தையே நாம் ஒய்.எம்.சி.ஏ. என்கிறோம். அச்சங்கத்தார் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் நடத்திய பயிற்சிக் கலாசாலையில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் உபாத்தியாயராக இருந்தார். அவர் கனடா தேசத்தவர், இறையியல் கற்றவர். பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாது சலிப்புற்ற மாணவர்களுக்காக 1891 டிசம்பரில் அவர் ஒரு புதிய ஆட்டத்தை அமைத்தார்.

அவர் அதனை அமைத்த விதம் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. அந்நாளைய கால்பந்து வகைகளில் ஆட்டக்காரர் காயமுறுவது ஏன் என்று அவர் எண்ணிப் பார்த்தார். பந்தைக் கையிற்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவனைத் தடுக்க மற்றவன் மோதி வீழ்த்துகிறான். ஆகையால் பந்துடன் ஓடலாகாது என்று விதித்தார். ஓடுதல் இல்லையேல் வீழ்த்துதலும் வேண்டுவதில்லை. இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் வலிமை கொண்டு பந்தை விசையாய் எறிவர். எனவே இலக்கைத் தலைக்கு மேல் உயர்த்தி, பழக்கூடை ஒன்றைக் கட்டினார். உயரத்திலுள்ள கூடையில் விழப் பந்தை மெல்ல வளைத்து எறிதல் வேண்டும். ஆங்கு முரட்டுத்தனத்தினும் கூர்மைக்கே மதிப்பு. பதின்மூன்று விதிகளில் ஆட்டம் முடிந்தது. அவ்விதிகளில் வேதவசனம் ஒன்றும் இல்லை. ஆயினும் அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்னும் கட்டளை, பிரசங்கமாக அன்றி ஆட்டத்தின் அமைப்பாகவே அவற்றுள் நிற்கின்றது என்று நாம் கருதுகிறோம். நான்காண்டுகட்குப் பின், 1895-இல், அச்சங்கத்தைச் சார்ந்த வில்லியம் மார்கன், வயது முதிர்ந்தோரும் ஆடத்தக்க கைப்பந்தை அமைத்தார். அதில் எதிரியைத் தொடுவதற்கே இடமில்லை. நடுவே வலை நிற்கின்றது.

இவ்விளையாட்டுக்கள் நம் நாட்டிற் பரவியதும் அச்சங்கத்தின் வழியாகவே. சென்னையில் அதற்குப் பெரிதும் உழைத்தவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற அவர், 1920-இல் சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியர்க்கென ஒரு கலாசாலையை நிறுவினார். அத்துறையில் நம் நாட்டின் முதற்கலாசாலை அதுவே. அடையாற்றங்கரையில், நந்தனத்தில், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி என்ற பெயரோடு இன்றும் நடைபெறுகின்றது. 1924-இல் பாரிஸ் நகர ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுவோடு பக் துரை உடன் சென்றார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாவதற்கும் அவரும் அவருடைய சங்கத்தாரும் துணைநின்றனர். 1943-இல் அவர் காலமானார்.

அவர் சாதித்தது யாது? எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது என்று கணக்கெடுப்போர் அவர் வாழ்விற் பெரிதும் ஏமாறுவர். அவர் உண்டாக்கியது ஆசிரியர்களை. அவ்வாசிரியர்கள் பல சமயத்தார். அவர்கள் சென்ற ஊர்தோறும் விசில் ஊதிய ஒரு நடுவரும், சுண்ணாம்புக் கோடிட்ட ஓர் ஆடுகளமும் தோன்றின. அஃது ஊழியமா அன்றோ என்று சங்கத்தைச் சார்ந்தவர்களே ஐயுற்றதுண்டு. ஊழியமே என்பது எம் எண்ணம். ஆனால் அதனை மதமாற்றத்தின் கணக்கில் எழுதப் புகுவது அவர்க்கும் அழகன்று, நமக்கும் அழகன்று.

இனி, மார்க்கமும் விளையாட்டும் தவறாகக் கலந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. பம்பாயில் 1912 முதல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முகம்மதியர் எனச் சமயவாரியாகக் குழு பிரித்துக் கிரிக்கெட் பந்தயம் நடத்தினர். 1937-இல் 'ஏனையோர்' என்று ஐந்தாவது குழு ஒன்று சேர்க்கப்பட்டது. இந்தியக் கிறிஸ்தவர்க்கு அதில்தான் இடம். கிறிஸ்தவரான விஜய் ஹசாரே, 1943-இல் இந்துக் குழுவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், தம் குழு எடுத்த 387 ஓட்டங்களில் 309 ஓட்டங்களைத் தாம் ஒருவரே எடுத்தார். வியக்கத்தக்க ஆட்டம்! ஆயினும் அப்பந்தயத்தால் கிறிஸ்து மார்க்கம் எவர்க்கேனும் விளங்கிற்றா? சமயம் அங்கே வெறுஞ் சட்டைக் குறியாயிற்று. காந்தியடிகள் அப்பந்தயத்தை வெறுத்துரைத்தார். 1946-ஆம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று. நின்றது நன்றே.

காஷ்மீரத்தில் டிண்டேல்-பிஸ்கோ துரை செய்ததும் நமக்குச் சிறிது இடர்ப்பாடு தருகின்றது. 1891-இல் அவர் ஸ்ரீநகரப் பள்ளிக்குத் தோற்பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். தோல் தீட்டு என்று அஞ்சிய பிராமணச் சிறுவர்களை, கையிற் கோல் ஏந்திய ஆசிரியர்களை நிறுத்திப் பந்தை உதைக்கச் செய்தார். அவருடைய மாணவர் பிற்காலத்தில் நீரில் மூழ்குவோரை மீட்கவும், கொள்ளைநோய்க் காலத்தில் தெருக்களைத் துப்புரவு செய்யவும் முன்வந்தனர் என்பதும் உண்மையே. அதன்பொருட்டு அவரை நாம் மதிக்கிறோம். கோலின்பொருட்டு மதிக்க இயலாது. அச்சுறுத்திப் புகட்டுவது நற்செய்தி ஆகாது. பந்தும் காலணியும் இலவசமாகத் தந்து, 'ஜெபக்கூட்டத்துக்கு வந்தாற்றான் ஆடலாம்' என்பதும் சற்று மென்மையான கோலே.

பக் துரை சென்ற அதே பாரிஸ் பந்தயத்தில்தான் எரிக் லிடெல் என்னும் ஸ்காத்லாந்து மாணவர், நூறு மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஓய்வுநாளாகிய ஞாயிறன்று வந்தமையால், அதில் ஓட மறுத்தார். பின்பு நானூறு மீட்டர் ஓட்டத்தில் 47.6 விநாடியில் வென்றார். ஓடுமுன் உடனோடுவோர் ஒவ்வொருவர்க்கும் கைகொடுத்து வாழ்த்துதல் அவர் வழக்கம். மறு ஆண்டே தாம் பிறந்த சீன தேசத்துக்கு மிஷனெரியாகச் சென்று, கலாசாலை ஆசிரியரானார். யுத்தகாலத்தில் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமிற் சிறைவைத்தனர். ஆங்கிருந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாக்கி ஆடத் தொடங்கி, நடுவர் இன்மையால் தம்முட் சண்டையிட்டனர். உலகப் புகழையே ஞாயிற்றின்பொருட்டு விடத் துணிந்த அவர், அப்பிள்ளைகளின்பொருட்டு ஞாயிறன்று விசிலைக் கையில் எடுத்தார். 1945 பிப்ரவரியில் அம்முகாமிலேயே இறந்தார். அவர் ஓடாத ஓட்டத்தைப் பலரும் புகழ்வர். நமக்கோ அவர் ஊதிய விசிலே பெரிதாகத் தோன்றுகின்றது.

இக்கேள்வி நமக்கும் அயலானதன்று. வேலைநாளில் ஓய்வில்லாதவர் வாழும் ஊர்களில் பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிறன்றே வைக்கப்படும். காலை ஆராதனைக்குச் செல்வதா, குழுவைக் கைவிடாதிருப்பதா என்று கிறிஸ்தவ மாணவன் தவிக்கிறான். சொல்லாமல் வராதிருந்து குழுவைத் தோற்கச் செய்பவன் தன் பக்தியைக் காட்டினவன் ஆகான். முதல்நாளே தலைவனிடம் சொல்லி, பிற்பகல் ஆட்டத்தைக் கேட்டுப் பெறுதலும், கிடையாவிடில் தன் இடத்தை இன்னொருவனுக்கு மனமுவந்து விட்டு, அவனுக்குத் தன் காலணியையும் கொடுத்தலும் இயலும்.

ஆடும் நாளிலோ, கைப்பந்தில் ஒரு சிறு காரியம் போதும். எதிர்த்தரப்பார் அடித்த பந்து தன் விரல்நுனியிற் பட்டு எல்லைக்கு வெளியே விழுகின்றது. நடுவர் அதனைக் காணவில்லை. விசில் தன் குழுவின் சார்பில் ஒலிக்கின்றது. புள்ளி இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. அப்போது கையை உயர்த்தி, 'ஐயா, என் கையிற் பட்டது' என்று ஒருவன் சொன்னால், அவனுடைய குழுவினரே அன்று அவன்மேற் சினம் கொள்வர். மாலையில் அவர்களுள் ஒருவன் தனியே வந்து, 'ஏன் அப்படிச் சொன்னாய்?' என்று கேட்பான். விடை சொல்லத்தக்க வேளை அதுவே.