ஒரு பிடி மண் தந்த புழு மருந்து

புது மழை பெய்தவுடன் நிலத்திலிருந்து எழும் மண்வாசனையை அறியாத விவசாயி இல்லை. அந்த வாசனைக்குப் பெரிதும் காரணமானவை, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்னும் நுண்ணுயிர்கள். பூசணம் போல இழை இழையாக வளர்ந்தாலும் இவை பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை. இலை தழைகளை மக்கச் செய்வதோடு பலவித வேதிப்பொருள்களையும் இவை உண்டாக்குகின்றன. 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் இவ்வினம் தந்ததே. ஆடுமாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தும் இவ்வழி வந்ததே.

விவசாயி மகனின் தேடல்

இம்மருந்துக்கு வழிகாட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி சதோஷி ஓமுரா. 1935-இல் யமனாஷி மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோவில் இரவுப் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் கிடசாட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். எங்கே சென்றாலும் மண் எடுப்பதற்குச் சிறு பிளாஸ்டிக் பையைக் கையோடு கொண்டு செல்வது அவர் வழக்கம்.

1970-களில், இட்டோ நகரையடுத்த கவானாவில் கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் ஒரு புதிய ஸ்ட்ரெப்டோமைசஸ் கிடைத்தது. ஓமுரா குழுவினர் அதைத் தனியே வளர்த்து, மற்ற நுண்ணுயிர்களுடன் அமெரிக்காவின் மெர்க் கம்பெனிக்கு அனுப்பினர். அங்கே வில்லியம் கேம்பல் குழுவினர், வயிற்றில் புழுவுள்ள சுண்டெலிகளுக்கு ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்த்தனர். கவானா மண்ணின் நுண்ணுயிர் புழுக்களை ஒழித்தது. அதிலிருந்து பிரித்த பொருளே அவர்மெக்டின். அதில் சிறு மாற்றம் செய்து ஐவர்மெக்டினை உருவாக்கினர்.

1981-இல் கால்நடை மருந்தாக இது விற்பனைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருடு நோய்க்கு இதை இலவசமாக வழங்க 1987-இல் முடிவாயிற்று. 2015-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் கிடைத்தது.

எவற்றுக்குக் கேட்கும்?

புழுக்களின் நரம்பையும் தசையையும் இம்மருந்து செயலிழக்கச் செய்கிறது. உருளைப்புழு, சொறிப்பூச்சி, பேன் முதலியவற்றுக்கு இது நன்கு கேட்கும். நாடாப்புழுவுக்கும் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவுக்கும் கேட்காது. எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து என்று எண்ணிச் செலவு செய்தால் பணமும் போகும், ஆடும் மெலியும். ஆகவே, புழுக்கை அல்லது சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, எந்தப் புழு என்று அறிந்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும்.

மருந்தை வீணாக்கலாமா?

1980-களிலேயே, தென்னாப்பிரிக்கச் செம்மறியாடுகளின் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுக்கள் இம்மருந்தைத் தாங்கும் சக்தியைப் பெற்றுவிட்டன. குறைந்த அளவில் கொடுத்தாலும், ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தாலும், பிழைத்துக்கொள்ளும் புழுக்களே பெருகும். பின்னர் அந்த மருந்து மந்தைக்குப் பயன்படாது. இதைத் தடுக்கக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. எடையைக் கண்மதிப்பாகக் கணக்கிடாமல், எடை பார்த்து மருத்துவர் கூறும் முழு அளவையும் கொடுக்கவும்.

2. மந்தை முழுவதற்கும் அடிக்கடி கொடுக்க வேண்டாம். கண்ணிமையின் உட்புறம் வெளிறிய, மெலிந்த ஆடுகளை முதலில் கவனிக்கவும்.

3. பால் கறக்கும் மாட்டுக்கு இதைப் போடக் கூடாது. மருந்து பாலில் கலந்து வரும். இறைச்சிக்கு விற்கும் ஆடுமாடுகளுக்கு, லேபிளில் கண்ட நாட்கள் கழிந்த பிறகே விற்கவும்.

வயலிலும் இதே கதை

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் தெளிக்கும் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்தும் அவர்மெக்டினிலிருந்து வந்ததே. அதையே திரும்பத் திரும்பத் தெளித்தால் படைப்புழுவும் பழகிவிடும். அடுத்த தெளிப்புக்கு வேறு விதமாகச் செயல்படும் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு புது மருந்தைத் தேடிப் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிடைத்ததை அளவறிந்து, தேவையறிந்து பயன்படுத்தினால், நம் பிள்ளைகள் வளர்க்கும் ஆடுமாடுகளுக்கும் அது உதவும்.