வீடும் வீதியும்: கண்டிப் பகுதியிற் கட்டட ஒதுக்கு விதிகள்

வீடு கட்டுவோர் பலர் மனையின் எல்லைக்கல்லையே வீட்டின் எல்லையாகவும் கருதுகின்றனர். உறுதியில் எழுதப்பட்ட நிலத்தின் ஒவ்வோர் அடியிலும் சுவரெழுப்பத் தமக்கு உரிமையுண்டு என்பது அவர்தம் எண்ணம். நகரமைப்புச் சட்டம் இதனை ஏற்பதில்லை. முன்னே வீதிக்காகவும் பின்னே காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாகவும் ஒரு பங்கு நிலத்தை வெறுமையாக விடுமாறு அது பணிக்கின்றது. இவ்வாறு விடப்படும் நிலத்தை ஒதுக்கு என்று வழங்குவாம். இவ்வொதுக்கு எக்காரணத்தால் வேண்டப்படுகின்றது என்பதையும், பழமை வாய்ந்த நகரொன்றில் அஃது எவ்வாறு பொருந்துவது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டடத்துக்கு விதி வகுத்தல் கண்டிக்குப் புதியதன்று. 1660 முதல் 1679 வரை கண்டியரசிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலில், குடிமக்கள் ஒரு தளத்துக்கு மேற் கட்டுதலும், கூரைக்கு ஓடு வேய்தலும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும் அக்காலத்தில் விலக்கப்பட்டிருந்தன என்று குறித்துள்ளார். அவ்விதி அரசனுக்கும் குடிகளுக்குமிடையிலான உயர்வு தாழ்வைக் காப்பதற்கு எழுந்தது. இக்கால விதியின் அடிப்படை வேறு. அது செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒருங்கே உரிய காற்றையும் வெயிலையும் வழியையும் காப்பதற்கு எழுந்தது.

இலங்கையில் இத்தகைய விதிகளுக்கு அடித்தளமிட்டது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமாகும். அதற்கு முந்திய ஆண்டிலேதான் கொழும்பிற் கொள்ளைநோய் தோன்றியது. நெருங்கிய வீடுகளும் காற்றுப் புகாத அறைகளும் நோய்க்கு உறைவிடம் என்பதை அக்கால நிருவாகிகள் நன்கு உணர்ந்திருந்தனர். குடியிருப்புக் கட்டடம் மனையின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற் பரவலாகாது என்பது அதிலிருந்து வளர்ந்த மரபு. வெளிச்சத் தளம் என்பது மற்றொன்று. வீதியின் எதிர்ப்புற விளிம்பிலிருந்து 63½ பாகைச் சாய்வில் மேலெழும் ஒரு தளத்தைக் கற்பனை செய்க. கட்டடத்தின் எப்பகுதியும் அதனை ஊடறுத்தலாகாது. இக்கோணத்தின் நுட்பம் கணிதம் பயில்வோர்க்கு எளிதிற் புலனாகும். 63½ பாகையின் தொடுகோட்டு விகிதம் ஏறத்தாழ 2 ஆகும். எனவே 20 அடி அகலமான வீதியின் ஓரத்திலே 40 அடி உயரம் வரை எழுப்பலாம். மேலும் உயர்த்த வேண்டுமாயின், ஓர் அடி பின்வாங்கினால் ஈரடி உயரம் கிடைக்கும். ஒதுக்கும் உயரமும் ஒன்றற்கொன்று விலையாக அமைந்தமை இங்கே காண்க.

பின்னர் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. அதன் கீழ் 1986இலும், மீண்டும் 2021இலும் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. வீதிக்கோடு, கட்டடக்கோடு என இரு கோடுகளை வரைவாளன் பிரித்தறிதல் வேண்டும். முன்னையது வீதி அகலும்போது எட்டவிருக்கும் எல்லை. பின்னையது கட்டடம் முன்வரத்தக்க எல்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். 40 அடி அகலமும் 68 அடி நீளமுமுள்ள மனையின் பரப்பு 2,720 சதுர அடி; அஃதாவது ஏறக்குறைய 10 பேர்ச். முன்னே 12 அடியும் பின்னே 10 அடியும் விடவேண்டும் என வைத்துக்கொள்வோம். எஞ்சிய நீளம் 46 அடி. பரப்பு 1,840 சதுர அடி. இதனைக் கண்டு மகிழ்ந்து முழுவதையும் சுவரால் நிரப்புதல் தவறாகும். மூன்றில் இரண்டு பங்கு என்பது 1,813 சதுர அடியே. மேலும் 27 சதுர அடியை வான் நோக்கத் திறந்து விடுதல் வேண்டும். ஒரு விதிக்கு இணங்கியது மற்றொரு விதிக்கு இணங்கியதாகாது. ஆதலின் அறைகளை வரையுமுன் எல்லா விதிகளையும் ஒருங்கு வைத்து, அவை இடங்கொடுக்கும் கொள்ளளவை முதலில் வரைந்துகொள்ளுதலே முறை.

இனிப் பழைய நகருக்கு வருவோம். தலதா மாளிகையையும், ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அமைப்பித்த வாவியையும் அடுத்து விளங்கும் கண்டி நகரின் வீதிகள் ஒன்றையொன்று நேராக வெட்டுவன. அவற்றிற் பழைய மனைகள் பல வீதியின் விளிம்பிலேயே, தோளோடு தோள் பொருந்தி நிற்கின்றன. 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, தனித்தனி மாளிகைகளை மட்டுமன்றி நகரின் இவ்வமைப்பையும் உலகம் மதித்தது எனல் வேண்டும். இத்தகைய வரிசையில் ஒருவர் பழைய வீட்டை இடித்து, புதிய குடியிருப்புக்கு ஏற்ற ஒதுக்கை அப்படியே கொண்டு 10 அடி பின்வாங்குவாராயின் விளைவது யாது? பல் விழுந்த வாய் போல வரிசை பிளவுபடும். அயல் வீடுகளின் பூசப்படாத பக்கச் சுவர்கள் வெளித்தோன்றும். முன்னே தோன்றிய வெற்றிடம் வண்டி நிறுத்துமிடமாகும். விதி காக்கப்பட்டும் வீதி அழியும்.

அவ்வாறாயிற் பழைய நகரில் ஒதுக்கே வேண்டா என்பதோ? அன்று. காற்றும் வெளிச்சமும் அங்கும் வேண்டப்படுவனவே. அவற்றுக்குரிய வெற்றிடத்தை வீட்டின் முன்னே தேடாது உள்ளே தேடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் செய்யும் பணி இதுவே. கண்டியோடு அதே ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட காலிக் கோட்டையிலும் வீடுகள் வீதியை ஒட்டி விறாந்தையோடு நிற்க, வானம் உள்முற்றத்தின் வழியே இறங்குகின்றது. முன்வரிசை குலையாமல், மேற்றளத்தை மட்டும் பின்தள்ளுதலும் ஏற்ற வழியாகும். ஆயின் இவை வீட்டுக்காரர் தாமே துணிந்து செய்யத்தக்கன அல்ல. மாநகரசபை, நகர அபிவிருத்தி அதிகாரசபை என்பவற்றோடு, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் இசைவும் தேவைப்படலாம். வரைபடத்துக்குப் பணம் செலவிடுமுன் இவற்றை வினவியறிதல் அறிவுடைமை.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் அக்குறணையைக் கடந்து அலவத்துகொடயை அடைவோர்க்கு வேறொரு காட்சி புலப்படும். இங்கே காக்கப்படவேண்டியது பழைய வரிசையன்று. ஒருபுறம் நெடுஞ்சாலை, மறுபுறம் மலைச்சரிவு, தாழ்நிலத்திலே நீரோடை. நெடுஞ்சாலையின் நடுவிலிருந்து அளக்கப்படும் எல்லைக்குள் கட்டினால் வீதி அகலும் நாளில் முன்சுவர் போகும். ஓடையின் ஒதுக்கு நிலத்தை நெருக்கினால் நீர் தன் வழியைத் தானே தேடும். பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதியை மூழ்கடித்தல் பலமுறை நிகழ்ந்தது. சரிவை வெட்டி அதன் அடியிலே சுவரை ஒட்டினால் மண் சரியும். ஆதலாலேயே இப்பகுதியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு பற்றிய அறிக்கை வேண்டப்படுகின்றது. 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையிற் கண்டி மாவட்டம் இழந்த உயிர்கள் பல. சரிவுக்கும் சுவருக்கும் இடையே விடும் நிலம் அழகுக்காக விடப்படுவதன்று என்பதை அவ்விழப்பின்பின் எவரும் மறுத்துரையார்.

ஆகவே, ஒதுக்கு என்னும் சொல் ஒன்றாயினும் அதன் காரணம் இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. பழைய வீதியில் அது நகரின் உருவத்துக்கு அடங்கி உள்ளே செல்லவேண்டும். சாலையோரத்திலும் சரிவிலும் அது தயங்காது வெளியே நிற்கவேண்டும். சட்டம் கூறும் அடிக்கணக்கு ஆகக் குறைந்த அளவேயாம். அதன் காரணத்தை அறிந்தவனே அதனை முறையாகக் கைக்கொள்வான். நில அளவைப் படமும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் பெற்று, உரிய சபைகளின் அனுமதியோடு கட்டி, இணக்கச் சான்றிதழ் பெற்ற பின்னரே குடிபுகுதல் என்னும் ஒழுங்கு இதற்குத் துணை செய்யும்.

திருவள்ளுவர் ஒப்புரவு அறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். உலகத்தோடு ஒத்து வாழ்தலும் தன்னுடைமையிற் பிறர்க்குப் பங்குண்டு என உணர்தலும் அதன் பொருள். வீதியிற் செல்வோனுக்கு வழியும், அயலானுக்கு வெளிச்சமும், ஓடைக்கு இடமும் விட்டுக் கட்டுதல் அவ்வொப்புரவின்பாற்படும். நாளை வரைவாளராகவும் சபை உறுப்பினராகவும் வீட்டுக்காரராகவும் விளங்கவிருக்கும் மாணவர், மனையின் எல்லையை அளக்கும்போது இதனையும் சேர்த்து அளப்பாராக.