உலாவியில் தமிழ் எழுத்து உடைதல்: காரணங்களும் தீர்வுகளும்

உலாவியில் தமிழ் எழுத்து உடைதல் என்பது, இணையப் படிவம் ஒன்றில் தட்டச்சு செய்த அல்லது ஒட்டிய தமிழ் உரை கட்டங்களாகவோ, பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவோ, கேள்விக்குறிகளாகவோ மாறித் தெரிவதாகும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாத உரையும் இதில் அடங்கும். எழுத்து எந்த வடிவில் உடைந்திருக்கிறது என்பதைக் கொண்டே உரை பத்திரமாக இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். அதை அறியாமல் செய்யும் திருத்தமே பல நேரங்களில் உரையை அழித்துவிடுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மரக்காணம், உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் மழைநீர் நின்று உப்பு எடுக்கும் வேலை நின்றுவிடும். வேலை இல்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 5,000 ரூபாய் நிவாரணத் திட்டம் உண்டு. இத்தகைய உதவிகளும் சான்றிதழ்களும் பெயர்ப் பட்டியலை நம்பி நடப்பவை. பட்டியலில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருந்தால், தேடலில் அந்தப் பெயர் இல்லை என்றே வரும். ஆகவே ‘மரக்காணம்’, ‘தொழிலாளர்’ என்ற இரண்டு சொற்களையே இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கணினி தமிழைச் சேமிக்கும் முறை

இன்று இணையத்தில் வழங்கும் தமிழ், ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் சேமிக்கப்படுகிறது. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. அவற்றைக் குறியெண்கள் எனலாம். ‘கா’ என்னும் எழுத்துக்குத் தனி எண் கிடையாது. ‘க’வின் எண்ணும் துணைக்காலின் எண்ணும் அடுத்தடுத்து நின்றால், அவற்றைச் சேர்த்து வரைவது உலாவியின் வேலை.

இதன்படி ‘மரக்காணம்’ என்ற சொல் நமக்கு 6 எழுத்து; கணினிக்கு 9 குறியெண்கள்: ம, ர, க, புள்ளி, க, துணைக்கால், ண, ம, புள்ளி. இணையப் பக்கங்கள் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், இந்தச் சொல் 27 பைட்டுகளாகச் சேமிக்கப்படும்.

எனவே ஓர் எழுத்து திரைக்கு வர மூன்று படிகள் சரியாக நடக்க வேண்டும். சேமித்த பைட்டுகள் சிதையாமல் இருக்க வேண்டும். அவற்றை உலாவி சரியான குறியாக்கத்தில் படிக்க வேண்டும். படித்ததை வரையத் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். எந்தப் படியில் தவறு நேர்கிறதோ, அதற்கேற்ப உடைப்பின் தோற்றம் மாறும்.

தோற்றத்தைக் கொண்டு காரணம் அறிதல்

கட்டங்கள்: ஒவ்வோர் எழுத்துக்கும் வெற்றுக் கட்டம் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். உரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே பக்கத்தை வேறு கருவியில் திறந்தால் சரியாகத் தெரியும்.

இடம் மாறிய கொம்பு: ‘தொ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றாலோ, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் ஏறி நின்றாலோ, இரண்டு காரணங்கள் இருக்கலாம். பழைய உலாவியாக இருந்தால் எழுத்துகளைச் சேர்த்து வரையும் திறன் அதற்கு இல்லை, உரை பத்திரம். புதிய உலாவியிலும் அப்படியே தெரிந்தால், தட்டச்சுப் பொறி வழக்கத்தில் கொம்பை முதலில் இட்டு எழுத்தைப் பின்னால் இட்டிருக்கிறார்கள். ஒருங்குறியில் எழுத்து முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்பட வேண்டும். திரையில் இடம் மாற்றிக் காட்டுவதை உலாவி பார்த்துக்கொள்ளும்.

கோடிட்ட ‘ஏ’யும் வட்டத்துள் ‘ஆர்’ குறியும்: தலையில் சாய்கோடு உள்ள சிறிய ஆங்கில ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுதிய வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யுடிஎஃப்-8 தமிழை உலாவி மேற்கு ஐரோப்பிய மொழிக் குறியாக்கமாக எண்ணிப் படிக்கிறது. எல்லாத் தமிழ்க் குறியெண்களுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்த ‘ஏ’ மீண்டும் மீண்டும் வருகிறது. உரையைப் பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் இந்த நிலையில் படிவத்தைத் திருத்திச் சேமிக்கக் கூடாது. சேமித்தால் சிதைந்த வடிவமே மூலமாகிவிடும்.

சாதாரண ஆங்கில எழுத்துகள்: ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்த உரை. இத்தகைய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. வேர்டு கோப்பில் தமிழாகத் தெரிவது, உலாவியில் ஒட்டியதும் எழுத்துரு நீங்கி ஆங்கிலமாகிவிடும். மாற்றி நிரல் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினால் போதும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி இந்த வேலைக்குப் பலரும் அறிந்த கருவி.

கேள்விக்குறிகள்: ‘மரக்காணம்’ என்ற சொல் வரிசையாக 9 கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், தமிழை அறியாத தரவுத்தளம் ஒவ்வொரு குறியெண்ணையும் கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது. மேலே சொன்ன எல்லாவற்றிலும் இது மோசமானது. எந்த எழுத்துருவும் மாற்றியும் இதை மீட்காது. மீண்டும் தட்டச்சு செய்வதே வழி. கறுப்பு வைர வடிவுக்குள் கேள்விக்குறி தெரிவது வேறு வகை. அங்கே பைட்டுகள் தவறாகப் படிக்கப்படுகின்றன, அல்லது ஓர் எழுத்தின் நடுவே உரை வெட்டப்பட்டிருக்கிறது.

சதவீதக் குறிகள்: தமிழ்த் தலைப்புள்ள பக்கத்தின் இணைப்பை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறியும் எண்களும் கலந்த நீண்ட வரியாக வருவதுண்டு. ‘மரக்காணம்’ மட்டுமே அப்படி 81 எழுத்துகள் நீளும். இது உடைப்பே ஆகாது. இணைப்பு வழக்கம்போல் வேலை செய்யும்.

சரியாகத் தெரியும் பிழைகள்

கண்ணுக்குத் தெரியாத பிழைகளே அதிகத் தொல்லை தருபவை.

முதலாவது, ரகர மெய். ‘தொழிலாளர்’ என்பதன் இறுதியில் ரகரமும் புள்ளியும் இருக்க வேண்டும். பல உரைகளில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை இட்டு அதன்மேல் புள்ளி வைத்து ‘தொழிலாளா்’ என்று எழுதப்பட்டிருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ‘ர்’ என்று முடியும் மரியாதைப் பெயர்கள் தமிழில் மிகுதி என்பதால், இந்த ஒரு பிழை பெயர்ப் பட்டியல்களில் எளிதில் பரவிவிடுகிறது.

இரண்டாவது, ஔகாரம். ‘ஔவையார்’ என்பதில் ‘ஔ’ ஒரே குறியெண். ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று எழுதினாலும் ஏறத்தாழ அப்படியே தெரியும். ‘கௌரி’ என்ற பெயரை ‘கெளரி’ என எழுதுவதும் இதே பிழைதான்.

மூன்றாவது, ஒகர ஓகாரக் குறிகள். ‘தொ’வில் வரும் குறிக்கு ஒருங்குறியில் தனி எண் உண்டு. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக இட்டாலும் அதே வடிவம் வரும். முதல் முறையில் ‘தொழிலாளர்’ 9 குறியெண்கள், இரண்டாம் முறையில் 10. இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. ஆனால் எண்களை நேரடியாக ஒப்பிடும் நிரல்களுக்கு இவை வேறு சொற்கள்.

முதல் இரண்டையும் அம்புக்குறி விசையைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான உலாவிகளில் ஒருமுறை அம்புக்குறியை அழுத்தினால் சுட்டி ஒரு முழு எழுத்தைத் தாண்டும். சரியான ‘ளர்’ இரண்டு எழுத்து. இரண்டுமுறை அழுத்த வேண்டும். காலும் புள்ளியும் இட்ட ‘ளா்’ என்பதை ஒரே அழுத்தில் தாண்டிவிடும். ‘ஔ’வைத் தாண்ட ஓர் அழுத்து போதும், ‘ஒள’ என்பதற்கு இரண்டு வேண்டும். மூன்றாவது வகைக்குப் பின்னழி விசை உதவும். ‘தொ’வுக்குப் பின் சுட்டியை வைத்து ஒருமுறை அழித்தால் ‘த’ மிஞ்சினால் ஒரே குறி. ‘தெ’ மிஞ்சினால் இரண்டு குறி.

படிவம் ஏற்க மறுக்கும்போது

சில படிவங்கள் சரியான தமிழையும் ஏற்காது. ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்’ என்ற அறிவிப்பு வந்தால், தமிழின் காலும் கொம்பும் புள்ளியும் ஒருங்குறியில் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘குறி’ வகையில் சேர்ந்திருப்பதே காரணம். எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் சோதனை ‘ரமண’ என்பதை ஏற்று ‘ரமணி’யை மறுத்துவிடும். தட்டச்சு செய்பவர் இதில் எதுவும் செய்ய முடியாது. தளத்தாரிடம்தான் சொல்ல வேண்டும்.

நீள வரம்பிலும் இதே சிக்கல் உண்டு. உலாவி எண்ணுவது குறியெண்களை. 10 என்று வரம்பு வைத்தால் 5 எழுத்துள்ள ‘தொழிலாளர்’ என்ற சொல்லே ஏறத்தாழ அதை நிரப்பிவிடும். குறுஞ்செய்தியிலும் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள் கிடைக்க, தமிழுக்கு 70 மட்டுமே கிடைக்கின்றன.

அனுப்பிய உரை ஒரு முகபாவக் குறியோடு நின்று, அதன் பின் இருந்ததெல்லாம் காணாமல் போவதும் உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய யுடிஎஃப்-8 அமைப்பு ஒரு குறியெண்ணுக்கு 3 பைட்டுகள் வரையே ஏற்கும். தமிழ் அதற்குள் அடங்கும். 4 பைட்டுகள் கேட்கும் முகபாவக் குறி வந்ததும், கண்டிப்பு அமைப்பு இல்லாத தளங்களில் அந்த இடத்திலேயே உரை வெட்டுப்படும்.

பழைய உலாவிகளும் அவற்றின் குறைகளும்

ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளிவந்த 1991-லேயே தமிழ் அதில் இடம்பெற்றது. ஆனால் உலாவிகள் அதைச் சரியாக வரையப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் மயிலை, தஸ்கி எனப் பல குறியாக்கங்கள் வழங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. ஒரு தளத்தைப் படிக்க அந்தத் தளத்தின் எழுத்துருவை நிறுவ வேண்டியிருந்தது. எழுத்துருவைத் தானாக இறக்கித் தரும் இயங்கு எழுத்துரு முறை சில தளங்களில் இருந்தது. அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்ததால், அதே பக்கம் பிற உலாவிகளில் குப்பையாகத் தெரிந்தது.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழ் சரியாகத் தெரிய, மண்டல மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியைத் தெரிவுசெய்து, கேட்டால் நிறுவல் குறுந்தகட்டையும் இட வேண்டும். ஃபயர்பாக்ஸ் 2-இல், வரிகளை இரு ஓரமும் சமமாக நிரப்பும் அமைப்பு உள்ள பக்கங்களில் தமிழ் எழுத்துகள் மட்டும் பிரிந்து சிதறும். வலைப்பதிவர்கள் அந்த அமைப்பையே நீக்கிச் சமாளித்தனர். 2008-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3 அக்குறையைத் தீர்த்தது. தமிழ் எழுத்துரு இல்லாத பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஓபரா மினியின் மறைவான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எழுத்துகளைப் படமாகக் காட்டும் வசதியை இயக்கிப் படித்தவர்கள் பலர்.

2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. அதன் பிறகு உலாவிச் சிக்கல்கள் குறைந்தன. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் மட்டும் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நீடிக்கின்றன. ஒருங்குறிக்கு அரைகுறையாக மாற்றிய உரைகளில்தான் ‘ளா்’, ‘கெள’ போன்ற பிழைகள் இன்றும் மிகுதி.

சரிபார்க்கும் வரிசை

1. உடைந்த உரையைக் கண்டதும் சேமிப்புப் பொத்தானை அழுத்த வேண்டாம். முதலில் தோற்றம் எந்த வகை என்று பாருங்கள்.

2. அதே பக்கத்தை வேறு உலாவியிலோ வேறு கருவியிலோ திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் குறை உங்கள் கருவியில் இருக்கிறது. உரையைத் தொட வேண்டியதில்லை.

3. உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு இயங்குகிறதா என்று பார்த்து அதை நிறுத்துங்கள். அது இயங்கும்போது திரையில் இருப்பதும் பக்கத்தில் உள்ளதும் வேறு.

4. வேர்டிலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ ஒட்டிய உரையை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிடிஎஃப் எழுத்தின் வடிவங்களை வரிசையாக வைப்பது என்பதால், நகலெடுக்கும்போது கொம்புகள் இடம் மாறலாம்.

5. பெயர், ஊர், தந்தை பெயர் ஆகியவற்றை ஒட்டாமல், ஒருங்குறி விசைப்பலகையில் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு ‘ர்’, ‘ஔ’ வரும் இடங்களை அம்புக்குறி விசையால் சோதியுங்கள்.

6. நீண்ட உரையை முதலில் ஒரு குறிப்பேட்டு நிரலில் யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்து, பிறகு படிவத்தில் ஒட்டுங்கள். கேள்விக்குறியாக மாறினாலும் மூலம் உங்களிடம் இருக்கும்.

7. ஒரு சொல்லை மட்டும் அனுப்பிச் சோதிக்க முடிந்தால் சோதியுங்கள். அனுப்பிய பின் ஒப்புகைச் சீட்டில் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியேறுங்கள்.

தளம் அமைப்போர் கவனிக்க வேண்டியவை

பக்கம், இணைப்பு, தரவுத்தளம் மூன்றிலும் 4 பைட் வரை ஏற்கும் யுடிஎஃப்-8 அமைப்பை வைக்க வேண்டும். பெயர்ச் சோதனையில் எழுத்து வகையோடு குறி வகையையும் அனுமதிக்க வேண்டும். சேமிக்கும் முன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்தால் ‘தொ’வின் இரு வடிவங்களும் ஒன்றாகிவிடும். ஆனால் ‘ளா்’, ‘கெள’ போன்றவற்றை இயல்பாக்கம் தொடாது. கணினிக்கு அவை முறையான வேறு எழுத்துத் தொடர்கள். காலின் மேல் புள்ளி வரும் இடம் தமிழில் இல்லை என்பதால், அதை மட்டும் தனியாகத் தேடி ரகர மெய்யாக மாற்றிவிடலாம். ‘கெள’ என்பதை அப்படி மாற்ற முடியாது. ‘கெளிறு’ என்ற மீன் பெயரில் அதே எழுத்துகள் முறையாகவே வருகின்றன. அங்கே பெயர் அறிந்த ஒருவர் பார்த்துத் திருத்துவதே சரி.